பாறைக்குள் போன காற்று

1

எங்கள் தெரு சலூனில் சவரம் முடிந்ததும் கடைக்கார அண்ணன் ஒரு படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் தேய்த்துவிடுவார். சுர்ரென்று எரியும். “ரத்தம் நிக்கும் தம்பி, புண்ணு வைக்காது” என்பார். ஊரில் பாட்டி, மழைக்காலத்தில் கலங்கி வரும் தண்ணீர்க் குடத்தில் அதே மாதிரி ஒரு கட்டியை நாலு சுற்று சுற்றிவிட்டு மூடிவைப்பார். காலையில் மண்ணெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். இந்தப் படிகாரம் எங்கிருந்து வருகிறது என்று முப்பது வயதுவரை நான் யோசித்ததே இல்லை. அணுக்கழிவைப் புதைக்கும் சுரங்கங்களைப் பற்றி வாசிக்கப்போன இடத்தில்தான் அதற்கு விடை கிடைத்தது.

இன்று படிகாரத்துக்கு வேறு வழிகள் உண்டு. ஆனால் 1600-களின் தொடக்கத்திலிருந்து 1871 வரை, ஏறக்குறைய 270 ஆண்டுகள், இங்கிலாந்தின் வடகிழக்கில் யார்க்‌ஷயர் கடற்கரையில் அதைக் களிப்பாறையிலிருந்து எடுத்தார்கள். துணியில் சாயம் நிற்கப் படிகாரம் வேண்டும். கம்பளித் துணியை நம்பி வாழ்ந்த அன்றைய ஐரோப்பாவுக்கு அது இல்லாமல் முடியாது. 1460-களில் இத்தாலியில் டோல்ஃபா மலையில் படிகாரப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டதும் போப்பாண்டவர் அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டார். பிறகு இங்கிலாந்து ரோமோடு உறவை முறித்துக்கொண்டது. சொந்தப் படிகாரம் தேட அதற்கு அரசியல் காரணமும் வந்துவிட்டது. விட்பி, கிஸ்பரோ பக்கத்துக் கடலோரக் குன்றுகளில் அது கிடைத்தது.

செய்முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். குன்றின் சாம்பல்நிறப் பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, சுள்ளி விறகின் மேல் மலைபோலக் குவித்துத் தீ வைப்பார்கள். குவியல் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஒன்பது மாதம்வரை, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பிறகு அதைத் தொட்டியில் போட்டு நீரூற்றி, வடிந்த சாற்றைக் காய்ச்சி, அதில் கடற்பாசிச் சாம்பலையோ மனித மூத்திரத்தையோ சேர்ப்பார்கள். உள்ளூர் மூத்திரம் போதாமல் லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வரவழைத்தார்கள். சாறு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்களாம். மிதந்தால் பதம் சரி.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. யாரும் அமிலம் ஊற்றவில்லை. படிகாரம் உண்டாகக் கந்தக அமிலம் வேண்டும். அதைப் பாறையே தந்தது. மனிதர்கள் செய்ததெல்லாம் பாறையை உடைத்து, சூடேற்றி, காற்றுக்குத் திறந்துவிட்டதுதான்.

அந்தத் தொழிலாளர்கள் எதை வேண்டுமென்று செய்தார்களோ, அது நடந்துவிடுமோ என்றுதான் இன்றைய அணுக்கழிவுப் பொறியாளர்கள் பயப்படுகிறார்கள்.

2

பாறைக்குள் அமிலம் எப்படி வந்தது? அதற்கு 18 கோடி ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

ஜுராசிக் காலத்தில் டோர்சியன் என்றொரு கட்டம் உண்டு. அதன் தொடக்கத்தில், சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகின் பல கடல்களின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. செத்து விழுந்த உயிர்கள் மட்காமல் சேற்றோடு புதைந்தன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைக் கொண்டு சுவாசிப்பவை. அவை வெளியிட்ட சல்பைடு, சேற்றிலிருந்த இரும்போடு சேர்ந்து பைரைட் ஆனது. பொன்போல மின்னி ஏமாற்றுவதால் ‘முட்டாள்களின் தங்கம்’ என்பார்களே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாக அது சேறு முழுக்கச் சிதறிக்கிடந்தது. மேலே அடுக்கு அடுக்காகப் படிவு விழ, சேறு இறுகிக் களிப்பாறை ஆனது.

ஆக, பிறந்ததிலிருந்து ஆக்சிஜனையே பார்க்காத பாறை இது. நீங்கள் அதில் ஒரு சுரங்கம் தோண்டி, உள்ளே மனிதர்கள் மூச்சுவிட மின்விசிறி வைத்துக் காற்றை ஊதினால், பைரைட்டும் ஆக்சிஜனும் நீரும் முதல்முறையாகச் சந்திக்கின்றன. பைரைட் உடைகிறது. இரும்பு துருவாகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இதுதான் ஆக்சிஜனேற்றம்.

அமிலம் சும்மா இருக்காது. பக்கத்தில் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் இருந்தால் அதைத் தின்னும். அப்போது ஜிப்சம் படிகங்கள் முளைக்கும். கால்சைட் போதாவிட்டால் களிமண்ணையே அரிக்கத் தொடங்கும். யார்க்‌ஷயர் பாறையில் பைரைட் தாராளம், சுண்ணாம்பு குறைவு. அதனால்தான் அமிலம் களிமண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து எடுத்தது. அன்றைய படிகாரக் கட்டி அப்படி வந்ததுதான்.

இதே டோர்சியன் களிப்பாறை பிரான்சின் தெற்கிலும் இருக்கிறது. அதற்கு நாம் வரத்தான் போகிறோம். அதற்கு முன், அணுக்கழிவை ஏன் களிப்பாறைக்குள் வைக்க நினைத்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

3

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளில் பல தனிமங்கள் மிஞ்சும். புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். டெக்னீசியம்-99 என்றால் 2,11,000 ஆண்டுகள். அயோடின்-129 என்றால் 1.57 கோடி ஆண்டுகள். எந்த அரசாங்கமும் அத்தனை காலம் காவலுக்கு ஆள் போட முடியாது. அதனால் காவலைப் பாறையிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை வந்தது.

களிப்பாறைக்கு மூன்று நல்ல குணங்கள் உண்டு. ஒன்று, அதற்குள் தண்ணீர் இருந்தாலும் ஓடாது. நுண்துளைகள் அவ்வளவு சிறியவை. கரைந்த பொருள் நகர வேண்டுமென்றால் ஊடுபரவலால்தான், அதாவது டீயில் கலக்காமல் விட்ட சர்க்கரை தானாகப் பரவுவதுபோலத்தான் நகர வேண்டும். இரண்டு, களிமண் துகள்களின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. பல உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்று, விரிசல் விட்டாலும் நனைந்தால் உப்பித் தானாக மூடிக்கொள்ளும்.

இவற்றோடு நான்காவது ஒன்று உண்டு: ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. யுரேனியம் ஆக்சிஜன் இல்லாத நீரில் ஏறக்குறைய கரையாது, கல்லாகவே இருக்கும். ஆக்சிஜன் ஏறிய நீரில் கரைந்து கூடவே பயணம் கிளம்பிவிடும். டெக்னீசியமும் அப்படித்தான். அயோடினுக்கு மட்டும் இந்த வித்தியாசம் பெரிதில்லை. அது எப்படியும் மெதுவாக நகரும். மற்ற பலவற்றுக்கு, ஆக்சிஜன் இல்லாத இருட்டுதான் பூட்டு.

பிரான்ஸ் 1987-இல் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்யப் போனது. ஒன்றில் கிரானைட், ஒன்றில் களி, ஒன்றில் உப்பு, ஒன்றில் சிஸ்ட் பாறை. நான்கிலும் மக்கள் கிளர்ந்தார்கள். 1990 பிப்ரவரியில் பிரதமர் மிஷேல் ரோக்கார் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். அடுத்து 1991 டிசம்பர் 30 அன்று வந்த சட்டம், எம்.பி. கிறிஸ்டியன் பத்தாயின் பெயரால் அறியப்படுகிறது. அது சொன்னது: 15 ஆண்டுகள் ஆராய்ச்சி செய்யுங்கள், பிறகு முடிவெடுக்கலாம். அந்த ஆராய்ச்சிக்காகத் தோண்டியதுதான் வடகிழக்குப் பிரான்சின் ப்யூர் கிராமத்தில் 490 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நிலத்தடி ஆய்வுக்கூடம். அங்கே இருப்பது சுமார் 16 கோடி ஆண்டு வயதுள்ள களிப்பாறை.

இங்கேதான் சிக்கல். பூட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறக்க வேண்டும்.

4

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரு பிழை நேரலையில் மட்டும் வரும். அதைப் பிடிக்க நாலு இடத்தில் லாக் வரி சேர்ப்போம். அந்த வரிகளால் நிரல் கொஞ்சம் மெதுவாகி, பிழையே காணாமல் போய்விடும். லாக்கை எடுத்தால் மறுபடி வந்து நிற்கும். என் முதல் வேலையில் இப்படி ஒரு பிழைக்குப் பின்னால் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். கடைசியில் மேனேஜர் கேட்டார், “அப்ப லாக்கை அப்படியே விட்டுட்டா என்ன?” விட்டுவிட்டோம். இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

களிப்பாறை ஆராய்ச்சியாளர்களும் இதே குழியில் விழுந்தவர்கள். பாறை மாதிரியைத் துளையிட்டு எடுத்து அலமாரியில் வைத்தால், அது அங்கேயே காற்றைக் குடித்து ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். பிறகு அதன் நுண்துளை நீரில் சல்பேட் எவ்வளவு என்று அளந்தால், பாறையில் இயல்பாக இருந்ததையும் அலமாரியில் உண்டானதையும் பிரிக்க முடியாது. ஆழத்தில் இருக்கும் நீரைப் பற்றிய கேள்விக்கு, அலமாரியில் நடந்த கதை விடையாக வரும்.

சுவிட்சர்லாந்தின் மோன் டெரியில், ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் பாதுகாப்பு வழியை ஒட்டி, 1996 முதல் ஒரு ஆய்வுக்கூடம் இயங்குகிறது. காற்று போகக்கூடாது என்பதற்காக அங்கே நைட்ரஜனை ஊதித் துளையிட்டார்கள். அப்படி ஒரு துளையில் பாறை நீரின் வேதியியலை ஐந்தாண்டு கண்காணித்தார்கள். எண்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. காரணம் பாக்டீரியா. அவற்றுக்குச் சோறு போட்டது எது என்று தேடினால், அளவிடும் மின்முனைக்குள் இருந்த ஜெல்லிலிருந்து கசிந்த கிளிசரின்! அளக்க வைத்த கருவியே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு ஆகிவிட்டது. இதை வாசித்தபோது என் மூன்று வாரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பெல்ஜியத்தில் மோல் ஊருக்கு அடியில் 225 மீட்டர் ஆழத்தில் இன்னொரு ஆய்வுக்கூடம். பெயர் ஹேடீஸ், கிரேக்கர்களின் பாதாளத் தெய்வம். 1980-இல் வேலை தொடங்கியது. அங்கிருக்கும் பூம் களி சுமார் 3 கோடி ஆண்டு வயதுதான், கல்லாக இறுகாத மென்களி. இடிந்துவிடும் என்று பயந்து, தொடக்கத்தில் மண்ணை உறையவைத்துத்தான் தோண்டினார்கள். பிறகுதான் உறையவைக்காமலே தோண்ட முடியும் என்று புரிந்தது. அங்கே சுற்றுக் களியைத் துளையிட்டுப் பார்த்ததில், காற்றின் தடம் ஏறக்குறைய ஒரு மீட்டர்வரை தெரிந்தது. பைரைட் அரைகுறையாக உடையும்போது தயோசல்பேட் என்றொரு பொருளும் உண்டாகலாம். கழிவுக் கொள்கலனின் இரும்பைக் குழிகுழியாக அரிப்பதில் அதற்குக் கைவரிசை உண்டு. அதனால் இது வெறும் பாறைக்காரர்களின் கவலையாக நிற்கவில்லை.

இவையெல்லாம் பத்து, இருபது ஆண்டுத் தரவுகள். கழிவுச் சுரங்கமோ கடைசிக் கதவை மூடும்வரை நூறாண்டுக்கும் மேல் திறந்திருக்கப்போகிறது. ஒரு மீட்டர் என்பது நூறாண்டில் பத்து மீட்டர் ஆகுமா, ஒரு மீட்டரிலேயே நிற்குமா? கணினி மாதிரியில் இரண்டையும் வரவழைக்கலாம். நூறாண்டுச் சோதனையை நடத்த யாருக்கும் நூறாண்டு கிடையாது.

ஆனால் அந்தச் சோதனையை வேறு யாரோ ஏற்கெனவே தொடங்கிவைத்திருந்தார்கள். தாங்கள் செய்வது சோதனை என்று அவர்களுக்குத் தெரியாது.

5

தெற்குப் பிரான்சில் லார்சாக் பீடபூமியின் ஓரத்தில் டூர்னமீர் என்றொரு சிற்றூர். பக்கத்து ஊர் ரோக்ஃபோர், நீலப் பூஞ்சை படர்ந்த ஆட்டுப்பால் சீஸுக்குப் பெயர்போனது. அந்த சீஸ் பழுக்கும் குகைகளுக்குள் மலையின் இயற்கை விரிசல்கள் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். அந்த விரிசல்களுக்கு அங்கே ‘ஃப்ளூரீன்’ என்று பெயர். பாறை மூச்சுவிடுவதை நம்பி ஒரு ஊரே பிழைக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பாறை மூச்சுவிடக்கூடாதே என்று கவலைப்படும் ஒரு ஆய்வுக்கூடம். இதை யாரும் திட்டமிடவில்லை.

1880-களில் இந்த மலையைக் குடைந்து ரயில் பாதைக்காக ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைப் போட்டார்கள். அது குடைந்து சென்றது டோர்சியன் களிப்பாறையை. மேலே 250 மீட்டருக்கு மேல் மலை. சுவருக்குக் கல் கட்டுமானம். பிறகு ஒரு காலத்தில் ரயில் நின்றுபோனது. சுரங்கம் மட்டும் திறந்தபடி கிடந்தது, காற்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

1980-களின் இறுதியில் பிரான்சின் அணுப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைக் கையில் எடுத்தது. கழிவைப் புதைக்க அல்ல, பாறையைப் படிக்க. அவர்களுக்குக் கிடைத்தது நூறு வயதுள்ள ஒரு காயம். பழைய சுரங்கத்தின் சுவரிலிருந்து பக்கவாட்டில் 1996-இல் புதிய சுரங்கங்கள் போட்டார்கள். 2003-இல் இன்னொன்று, 2008-இல் இன்னொன்று. ஒரே பாறையில் வெவ்வேறு வயதுள்ள காயங்கள், பக்கத்துப் பக்கத்தில். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேறெங்கும் கிடைக்காது.

பழைய கல்சுவருக்குப் பின்னால் பாறை எப்படி இருந்தது? தோண்டியபோது உண்டான விரிசல்களின் முகங்களில் துருநிறம் படர்ந்திருந்தது. பைரைட் கரைந்த இடத்தில் இரும்பின் ஆக்சைடுகள், ஜிப்சம் படிகங்கள், மஞ்சள் நிற ஜாரோசைட். யார்க்‌ஷயர் குவியலில் ஒன்பது மாதத்தில் நடந்த அதே வேதியியல், இங்கே தீ இல்லாமல் நூறு ஆண்டுகளாக மெல்ல நடந்திருக்கிறது.

ஆனால் அது விரிசல்களை ஒட்டியே நடந்திருந்தது. விரிசல் போன தூரத்துக்குக் காற்று போயிருக்கிறது. விரிசலின் இரு கரையிலும் கொஞ்சம் உள்ளே நுழைந்திருக்கிறது. அதைத் தாண்டிய முழுப் பாறை கன்னங்கரேலென்று, 18 கோடி ஆண்டுகளாக இருந்தபடியே இருந்தது. ஈரம் நிறைந்த முழுப் பாறைக்குள் ஆக்சிஜன் ஊடுபரவலால்தான் நகர முடியும். நகரும் வழியிலேயே பைரைட் அதைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. தன்னைப் பலிகொடுத்துத் தனக்குப் பின்னால் இருப்பதைக் காக்கும் வேலை பைரைட்டுக்கு. கூடவே, உண்டாகும் அமிலத்தை அடக்க இந்தப் பாறையில் கால்சைட்டும் இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தார்கள். புதிய சுரங்கங்களின் சுவரில் படுக்கை வாக்கில் மெல்லிய விரிசல்கள். குளிர்காலத்தில் உள்ளே வரும் காற்று வறண்டது. பாறை காய்ந்து சுருங்க, விரிசல் திறக்கும். கோடையில் ஈரக்காற்று, பாறை நனைந்து உப்ப, விரிசல் மூடும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மூடும் இந்த மூச்சை வைத்தே, எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று தெரிந்தது. பாறை முழுக்க ஆக்சிஜன் ஊறிவிடுமோ என்பதைவிடப் பெரிய கவலை, தோண்டும்போது உடைவதும் காற்றோட்டத்தால் காய்வதும்தான்.

6

டூர்னமீர் பாறைக்கு ஆறுதல் சொன்னது. இரும்புக்குச் சொல்லவில்லை.

ப்யூர் திட்டத்துக்கு ‘சிஜியோ’ என்று பெயர். பிரான்சின் மிக ஆபத்தான கழிவும் நீண்ட ஆயுள் கொண்ட இடைநிலைக் கழிவும் சேர்ந்து 83,000 கன மீட்டர் அளவுக்கு அங்கே போக வேண்டும். அதிக வெப்பம் கக்கும் கழிவைக் கண்ணாடியாக உருக்கி வார்த்து, எஃகுக் கொள்கலனில் அடைத்து, சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள நீண்ட கிடைத்துளைகளுக்குள் தள்ளுவார்கள். துளை இடியாமல் இருக்க எஃகுக் குழாய் உறை. சோதனை செய்து பார்த்தபோது அந்த எஃகு தொடக்க காலத்தில் எதிர்பார்த்ததைவிட வேகமாக அரிக்கப்பட்டது. தோண்டும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்த பாறையிலிருந்து வந்த அமில நீர் ஒரு முக்கியக் காரணம். பாறை அளவில் அற்பமான விஷயம். ஆனால் எஃகு இருப்பது சரியாக அந்த அற்பமான விளிம்பில்தான். அதனால் வடிவமைப்பையே மாற்றினார்கள். எஃகுக்கும் பாறைக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் சிமென்ட்டும் பென்டோனைட் களியும் கலந்த காரக் கலவையைச் செலுத்தி, அமிலத்தை முறிப்பது என்று முடிவானது.

துளையை அடைத்துவிட்டால் பிறகு? உள்ளே மாட்டிய ஆக்சிஜன் என்னாகும்? மோன் டெரியில் உண்மை அளவிலேயே ஒரு சுரங்கம் தோண்டி, கழிவுக்குப் பதில் ஹீட்டர்களை வைத்துக் களியால் அடைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஆக்சிஜன் சில மாதங்களுக்குள் தீர்ந்துவிட்டது. மூடினால் பாறை சீக்கிரமே பழைய இருட்டுக்குத் திரும்பிவிடுகிறது. திறந்திருக்கும் காலம்தான் பிரச்சினை.

அந்தக் காலத்தை முடிவுசெய்வது வேதியியல் அல்ல, ஜனநாயகம். 2006 ஜூன் 28 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஆழ்நிலப் புதைப்பு குறைந்தது நூறு ஆண்டுகளுக்காவது மீளக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. அடுத்த தலைமுறைக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கலாம், நாம் தப்பு செய்திருக்கலாம், அப்போது அவர்கள் கழிவைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். 2016-இல் இன்னொரு சட்டம் இதற்கு வரையறை தந்தது. எங்கள் மொழியில் சொன்னால் ரோல்பேக். புதிய பதிப்பை நேரலையில் ஏற்றும் முன் முதலில் வரும் கேள்வியே, “ரோல்பேக் பிளான் இருக்கா?” என்பதுதான். இல்லையென்று சொல்லி அனுமதி வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

அதனால் இந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. போராடியவர்களுக்கு அரசு தந்த பதிலும் அதில் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் அது சமாதானப்படுத்தவில்லை. ப்யூர் பக்கத்துக் காட்டில் குடியேறி எதிர்த்தவர்களைப் போலீஸ் 2018-இல் வெளியேற்றியது. ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே 2016 ஜனவரியில் பாறை சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 2023 ஜனவரியில் கட்டுமான அனுமதிக்கு விண்ணப்பம் போடப்பட்டது.

பாறைக்குத் தேவை சீக்கிரம் மூடுவது. மனிதர்களுக்குத் தேவை கொஞ்சம் பொறுத்து மூடுவது. திறந்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ரோல்பேக்கின் விலை. டூர்னமீர் சொல்வது என்னவென்றால், அந்த விலை நூறாண்டுக்குக் கட்டுப்படியாகக்கூடியதுதான். களிப்பாறை அதைத் தாங்கும் என்று நம்ப ஆதாரம் இருக்கிறது.

எனக்கு இங்கேதான் தூக்கம் போனது. பாறை தாங்கும். நாம்?

டூர்னமீர் சுரங்கத்தைத் தோண்டியது பிரான்சின் மூன்றாம் குடியரசுக் காலத்தில். அந்தக் குடியரசு 1940-இல் ஜெர்மன் படைகளிடம் தோற்று இல்லாமல் போனது. பிறகு விஷி அரசு, பிறகு 1946 முதல் 1958 வரை நான்காம் குடியரசு, இப்போது ஐந்தாவது. இரண்டு உலகப் போர்கள். சுரங்கத்தைப் போட்ட ரயில் பாதையே கைவிடப்பட்டுவிட்டது. அதை ஆய்வுக்கூடமாக்கிய நிறுவனம்கூட 2002-இல் வேறொன்றோடு சேர்ந்து புதுப் பெயர் எடுத்தது. 2025-இல் மறுபடி இணைக்கப்பட்டு இன்னொரு பெயர் எடுத்தது. அந்த நூறாண்டுகளில் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது களிப்பாறை மட்டும்தான்.

திறந்துவைத்த கதவுக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: நூறாண்டு கழித்து மூட ஆள் வருவார்கள், அவர்களிடம் பணமும் வரைபடமும் திறமையும் இருக்கும். வராவிட்டால் அந்தச் சுரங்கம் இன்னொரு டூர்னமீர்தான், ஆனால் உள்ளே கழிவோடு. காற்று போய் வரும், விரிசல்கள் ஆண்டுதோறும் திறந்து மூடும், எஃகு துருப்பிடிக்கும். ஆக்சிஜனேற்றத்தைப் பற்றி இத்தனை பக்கம் படித்த பிறகு, நான் பயப்படுவது ஆக்சிஜனுக்கு அல்ல, கைவிடப்படுவதற்கு. சட்டம் எத்தனை ஆண்டு திறந்திருக்க வேண்டும் என்று சொன்னால் மட்டும் போதாது. நடுவில் எல்லாம் குலைந்தாலும் ஒவ்வொரு பகுதியாக மூடிக்கொண்டே போகிற மாதிரி வேலை நடக்க வேண்டும். நிரம்பிய துளையை உடனே அடைப்பது என்ற வடிவமைப்பின் நல்ல பக்கம் அதுதான்.

7

இதெல்லாம் பிரான்ஸ் கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் கோலார் தங்கவயலின் ஆழத்தில், சுமார் 1000 மீட்டர் கீழே, ஹீட்டர் வைத்துப் பாறை வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்று பல ஆண்டுகள் சோதித்தது. அது களிப்பாறை அல்ல, கடும்பாறை, வேதியியல் வேறு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கில் கழிவை எங்கே வைப்பது என்ற பேச்சில் கோலாரின் பெயர் அடிபட்டது. உடனே தங்கவயலில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்படியொரு திட்டம் இல்லை என்று அரசு மறுத்தது. அதோடு பேச்சும் அடங்கிவிட்டது. கழிவு அடங்கவில்லை, அது உலைகளில் ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பிரான்சில் 1990-இல் எல்லாவற்றையும் நிறுத்தியபோது தொடங்கிய வெளிப்படையான, சலிப்பூட்டும், முப்பதாண்டு விவாதம் இங்கே இன்னும் தொடங்கவில்லை.

போன வாரம் சலூனுக்குப் போயிருந்தேன். அண்ணன் வழக்கம்போலப் படிகாரம் தேய்த்தார். இது ஒரு காலத்தில் கடலோரப் பாறையை எரித்து மூத்திரம் ஊற்றிச் செய்தது என்று சொன்னேன். கையை நிறுத்தி ஒருமுறை கட்டியைப் பார்த்தார்.

“இப்ப அப்படி இல்லையே?”

“இல்லண்ணே.”

“அப்ப சரி” என்று மறுகன்னத்திலும் தேய்த்துவிட்டார்.